தண்ணீர் ஏற்றிய வள்ளங்கள்

எங்கள் ஊர்க் கடற்கரையோரத்தில், முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசி எந்தக் காலத்திலோ எழுப்பப்பட்டதும், சராசரி உயரமுள்ள மனிதன்கூடத் தலைகுனியாமல் நுழைய முடியாததுமான ஒரு சிறு குருசடி இருக்கிறது. அதன் கிழக்குச் சுவரை உப்புக்காற்று தின்றுவிட்டது. விரலால் தொட்டால் காரை மாவாக உதிர்கிறது. அதை இடித்துவிட்டு, கிரானைட் பீடமும் நூறு பேர் நின்று ஜெபமாலை சொல்லத்தக்க மண்டபமும் கொண்ட புதிய கட்டடம் ஒன்றை எழுப்பவேண்டும் என்பது என் கட்சி. இருப்பதைச் சுண்ணாம்பு இட்டுப் பழுதுபார்த்தால் போதும், இடிக்கக் கூடாது என்பது எங்கள் பங்கில் எல்லோரும் தண்டல் ஐயா என்று அழைக்கிற ஒரு பெரியவரின் கட்சி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்மரத் தோணியில் நாற்பது ஆண்டுக்காலம் சரக்கேற்றிச் சென்று திரும்பியவர் அவர். கடலிலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைச் சுவர் இன்ன இடத்தில் தெரியும், அதுதான் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் தேதி, கிறிஸ்து அரசர் திருநாளன்று, இரண்டாம் பூசை முடிந்தபின் கூடிய பங்குப் பேரவையில் இந்த விவகாரம் பிரஸ்தாபத்துக்கு வந்தது. நான் வரைபடத்தை மேசைமேல் விரித்து, செலவுக் கணக்கை வாசித்து, என் பட்சத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டிருக்கையில் அவர் இருமுறை குறுக்கிட்டார். மூன்றாவது முறை குறுக்கிட்டபோது, "தோணி விடுகிறவருக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி முனையால் மெதுவாகத் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு, "தம்பி சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா இடிக்கக் கூடாதுங்கிறதுதான் என் எண்ணம். அதை நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றார். செயலாளர் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

மூன்று வாரம் கழித்து நடந்ததைச் சொல்லுமுன், ஏறத்தாழ நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கடற்கரையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால், முத்துக்குளித்துறையின் கிறிஸ்தவம் பிறந்த விதத்தைச் சற்றே நினைவூட்டிக்கொள்வது நல்லது. ஏனெனில் அது பிறந்ததே ஒரு சண்டையில்.

முத்துச் சலாபத்தின் ஆதாயம் எவருக்கு என்பதில் பரதவருக்கும் இஸ்லாமிய வணிகருக்கும் இடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த மனஸ்தாபம், ஒரு பரதவனுடைய காது கடுக்கனோடு அறுக்கப்பட்டபோது 1530-களில் பெருந்தீயாக மூண்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் சிலர், குதிரை வியாபாரியான ஜான் த குருஸ் என்பவரின் யோசனைப்படி கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது. 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றோர் சுமார் இருபதாயிரம் என்பார்கள். அவர்களுக்கு ஜெபம் கற்பிப்பாரில்லை, மொழி தெரிந்த குருவுமில்லை. சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டதன் அடையாளமாகக் கழுத்தில் ஒரு சிலுவை தொங்கிற்று, அவ்வளவே. இதைச் சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஆனால் மாற்றாருடன் வழக்காடுவதையே முதல் பாடமாகக் கற்றுக்கொண்டு மதத்தினுள் நுழைந்த ஒரு சமூகத்துக்கு, சாந்தம், மனத்தாழ்மை என்னும் இரண்டு சொற்களும் எவ்வளவு தொலைவிலிருந்து வந்து சேரவேண்டியிருந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

1542-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தவர் சவேரியார். கையில் மணியை ஏந்தி ஊர் ஊராக நடந்து, உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு தமிழாக்கிய ஜெபங்களைத் தாம் மனனம் செய்து பிள்ளைகளுக்கும் மனனம் செய்வித்தவர் என்ற சித்திரம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது, 1544-ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, தூத்துக்குடி என்று ஊர்கள்தோறும் தங்கியபடியே, தம் உடன் ஊழியரான பிரான்சிஸ்கு மான்சிலாஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதங்கள். இருபதுக்கு மேற்பட்டவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. மகானின் உபதேசக் கடிதங்கள் என்று பயபக்தியோடு திறப்பவர் ஏமாந்துபோவார். அங்கே படகு, அரிசி, கூலி, யாருக்கு எவ்வளவு பணம், எந்தப் பட்டங்கட்டி சொன்னபடி கேட்கவில்லை என்பவைதாம் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இடையிடையே, இந்த மக்களிடம் பொறுமையாயிரு, அவர்கள் உன்னை நேசிக்கும்படி நடந்துகொள், அவர்களைப் பொறுத்துக்கொள் என்று மான்சிலாஸிடம் அவர் மன்றாடுவதையும் கேட்கலாம். மான்சிலாஸ் எளிதில் சலித்துக்கொள்ளும் சுபாவம் உடையவர் என்பது அந்த மன்றாட்டுகளைப் படித்தாலே விளங்கிவிடும்.

சவேரியாரும் எப்போதும் சாந்தசொரூபியாக இருந்தார் என்று நான் சாதிக்கப்போவதில்லை. குடிக்கிறவர்களுக்கு அபராதமும் தண்டனையும் விதிக்கச் சொன்னவர்தான். சிறுவர்களை விட்டுச் சிலைகளை உடைக்கச் செய்ததைச் சந்தோஷமாக எழுதியவர்தான். மற்றவர் மதத்தின்மீது அவருக்கிருந்த கண்ணோட்டத்தை இன்று நாம் ஏற்கவேண்டிய அவசியமில்லை. நான் சொல்ல வருவது அவருடைய ஜீவியத்தில் ஒரே ஒரு காரியத்தை.

அந்நாளில் தூத்துக்குடியில் போர்த்துக்கீசியக் கேப்டனாக இருந்தவர் கோஸ்மே டி பைவா. பேராசைக்காரர். மக்களைச் சுரண்டுவதிலும், அவர்களுக்கு ஆபத்து விளைவிக்கத்தக்க அரசியல் பேரங்களில் இறங்கித் தன் பையை நிரப்பிக்கொள்வதிலும் அவர் காட்டிய அக்கறை, காவல் காப்பதில் இல்லை. அவருக்கும் சவேரியாருக்கும் ஒத்துவரவில்லை. சவேரியார் மேலதிகாரிகளிடம் முறையிடுவார் என்பதைக் கேப்டன் அறிவார். ஆகவே, நீர் எனக்குச் செய்த தீங்குகளைச் சொன்னால் இடறலாகும், எழுதவும் கூசுகிறது என்னும் கருத்துப்பட ஒரு கடிதத்தைக் கேப்டன் அவருக்கு அனுப்பியிருந்தார்.

இந்த நிலையில் 1544 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் தூத்துக்குடி தாக்கப்பட்டது. கேப்டனுடைய கப்பல் எரிந்தது, வீடு எரிந்தது, உடைமை பறிபோயிற்று. அவர் உயிர்தப்பிக் கடலுக்குள் இருக்கும் தீவுகளில் ஒதுங்கினார். செய்தி ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்கு வந்தது. அன்று, செப்டம்பர் 5-ஆம் தேதி, மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதத்தைத்தான் மேலே குறிப்பிட்டேன். புன்னைக்காயலில் உள்ள படகுகளையெல்லாம் திரட்டிக்கொண்டு, ஆட்களை அழைத்துக்கொண்டு, தாமதியாமல் கேப்டனிடம் போ, முக்கியமாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போ என்று அவர் எழுதுகிறார். கொம்புத்துறைப் பட்டங்கட்டிகளுக்கும் வேம்பாற்றுப் பட்டங்கட்டிகளுக்கும் அதே உதவியை வற்புறுத்தித் தனியே ஓலை அனுப்புகிறார்.

முக்கியமாகத் தண்ணீர் என்பதை நான் வெகுநாள் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தீவுகளில் ஒருமுறையேனும் கால்வைத்தவர்களுக்கு அது விளங்கும். மணல், பவளப்பாறைச் சில்லு, முட்புதர். முதல் நாளே தொண்டை வறண்டுவிடும். வீட்டை இழந்தவனுக்குப் பணம் அனுப்பலாம், ஆறுதல் அனுப்பலாம், ஜெபம் அனுப்பலாம். இவற்றுள் எதையும் நினையாமல், அந்த மனிதன் இப்போது இருக்கும் இடத்தில் அவனுக்கு முதலில் எது இல்லாமற்போகும் என்று எண்ணிப் பார்த்தவனுக்கே தண்ணீர் என்ற சொல் பேனாவில் வரும். பகைவனைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்க்க ஒரு மனம் வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவது அதைவிட விசேஷம். நானே போவேன், ஆனால் நான் வருவதைக் கேப்டன் விரும்பமாட்டார், ஆகவே அவருக்கு வருத்தம் உண்டாக்காமலிருக்க நான் போகவில்லை என்னும் பொருள்பட எழுதுகிறார் சவேரியார். தாம் அவருக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை என்று ஆதங்கப்படவும் செய்கிறார். அந்த ஆதங்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அது இருப்பதால்தான் கடிதம் மனிதர் எழுதியதாக இருக்கிறது. சாந்தம் என்றால் மனம் நோகாதிருப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அந்த வரிகளைப் படிக்கவேண்டும். மனம் நொந்திருக்கிறது, அதைச் சொல்லவும் சொல்கிறார், படகுகளும் புறப்படுகின்றன.

கோபத்தினால்தான் போகாமலிருந்தாரோ என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அப்படித் தோன்றவில்லை. ஆபத்து என்றால் போகிற சுபாவம் அவருடையது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், வடுகர் படைக்கு அஞ்சிக் கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஏறிப் பசியோடு கிடந்தபோது, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை மேலேற விடவில்லை. எட்டு நாள் கடலில் அலைக்கழிந்து திரும்பி, பிறகு தரைவழியாகவே போய்ச் சேர்ந்தார். ஆனி மாதத்துக் கச்சான் காற்றை எதிர்த்துத் தெற்கே தோணி விடுவது எத்தகைய காரியம் என்பதைத் தண்டல் ஐயாவைக் கேட்டால் சொல்வார். அத்தகையவர் ஆலந்தலையிலேயே நின்றுகொண்டாரென்றால், அதற்குச் சோம்பலோ கோபமோ காரணமாயிருக்க முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு சிந்தனை. தீங்கு செய்தவனுக்கு நன்மை செய் என்பதை எல்லாச் சான்றோரும் கூறியிருக்கிறார்கள். ஆனால் அந்த நன்மையை எப்படிச் செய்வது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் பெருமான், தீங்கு செய்தவன் வெட்கப்படும்படியாக அவனுக்கு நன்மை செய்யச் சொல்கிறார். புனித பவுல் உரோமையருக்கு எழுதுகையில், பகைவனுக்கு உணவும் நீரும் கொடுப்பது அவன் தலைமேல் நெருப்புத்தணலைக் குவிப்பதாகும் என்னும் பழைய நீதிமொழியை எடுத்தாள்கிறார். இரண்டிலும் நன்மை செய்கிறவன் கையில் நாணம் என்றொரு மெல்லிய ஆயுதம் இருக்கத்தான் செய்கிறது. அவர்களோடு வழக்காட எனக்கு யோக்கியதை இல்லை. பழிக்குப் பழி என்று கொதித்து நிற்கும் உலகத்துக்கு அந்த ஆயுதத்தைக் கொடுத்ததே பெரிய காரியம். ஆயினும் சவேரியார் அந்த ஆயுதத்தையும் கரையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் படகில் அவரே போய் இறங்கியிருந்தால், எரிந்த சட்டையோடு மணலில் உட்கார்ந்திருக்கும் கேப்டன் நிமிர்ந்து பார்த்து, யாரைத் தூஷித்துக் கடிதம் எழுதினானோ அவர் கையாலேயே குடத்தை வாங்கிக் குடித்திருக்க வேண்டும். அந்தக் காட்சி எந்தப் பிரசங்கத்துக்கும் பொருத்தமானது; சித்திரக்காரர்கள் போட்டியிட்டு வரைந்திருப்பார்கள். அதை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

சரி, அத்தோடு கேப்டனின் குற்றங்களை மறந்து சமாதானமாகிவிட்டாரா என்றால், அதுவுமில்லை. மூன்று மாதம் கழித்து, டிசம்பரில், கொச்சியிலிருந்து அதே மான்சிலாஸுக்கு எழுதும்போது, இந்தக் கரையில் கோஸ்மே டி பைவா செய்த கொள்ளைகள், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் விளைந்த தீமைகள், உயிர்ச்சேதங்கள் ஆகியவற்றின் பாரத்தை அவர் மனச்சாட்சியிலிருந்து இறக்கிவைக்க உதவிசெய் என்று, ஒளிவுமறைவில்லாமல் பெயர்சொல்லி எழுதுகிறார். கொள்ளையைக் கொள்ளை என்றே சொல்கிறார். தண்ணீர் அனுப்பினதற்காக வழக்கைக் கைவிடவில்லை. வழக்கு இருப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தவுமில்லை. நம்மில் பலர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்வோம். தகராறு முற்றினால் கிணற்றையே அடைத்துவிடுவோம். இல்லாவிட்டால், நல்லவன் என்ற பெயருக்காகச் சொல்லவேண்டியதை விழுங்கிவிட்டு, அதற்கு மனத்தாழ்மை என்று பெயர் சூட்டிக்கொள்வோம். இரண்டாவது வகையை நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். கோயில் கூட்டங்களில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது எல்லாவற்றையும் சொல்பவர்கள்.

மான்சிலாஸின் கதை வேறு விதமாக முடிந்தது. மொலுக்கஸ் தீவுகளுக்குப் போகச் சொன்னபோது போக மறுத்ததனால், பிற்பாடு சவேரியாரே அவரைச் சபையிலிருந்து விலக்கிவிட்டார். அவ்வளவு அன்பாக எழுதப்பட்ட கடிதங்களுக்கு உரியவரை அவ்வாறு விலக்கியிருக்க வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இன்னும் இருக்கிறது.

அந்த ஆலந்தலைக் கடிதத்தின் புத்தி எங்கள் கரையில் தங்கிவிட்டதா என்று கேட்டால், பெருமைப்பட ஒன்றுமில்லை. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தர், பரதவரைத் தங்கள் சீர்திருத்த சபைக்குத் திருப்பப் பல்தேயுஸ் என்னும் போதகரைக் கொண்டு முயன்றுபார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். 1750-இல் அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயம் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது; அவர்கள் ஆராதனை அங்கே, பரதவர் பூசை வேறிடத்தில், முத்துச் சலாபம் மட்டும் இருவருக்கும் பொது என்ற அளவில் காலம் கழிந்தது. அன்னியரோடு இப்படி ஒருவாறு ஒத்துப்போக முடிந்த நாங்கள், எங்களுக்குள் ஒத்துப்போகத்தான் தவறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், போர்த்துக்கீசிய அரசின் ஞான அதிகாரத்தை ஏற்ற கோவாக் குருக்கள் ஒரு பக்கமும், உரோமையின் நேரடி ஆணையில் வந்த இயேசு சபையார் மறுபக்கமுமாக நின்ற பிளவில், விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்துக்கூட வேறுபடாத இரு கட்சிகளாக ஊர் உடைந்தது. பனிமய மாதா ஆலயம் ஒரு கட்சியின் கையில். மறு கட்சியினருக்கு 1849-இல் திரு இருதய ஆலயம். பெரிய கோயில், சின்னக் கோயில் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற பெயர்களுக்குப் பின்னால், பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் போன வீடுகளும், நீதிமன்றப் படிகளில் தேய்ந்த செருப்புகளும் இருக்கின்றன. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்து, இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராக ரோச் ஆண்டகை பொறுப்பேற்ற பிற்பாடுதான் அந்தக் காயம் படிப்படியாக ஆறிற்று.

சீர்திருத்த சபைப் பக்கத்தில் நிகழ்ந்ததும் சொல்லத்தக்கது. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஐம்பது ஆண்டுக்காலம் வாழ்ந்து, அந்தத் தேரிக்காட்டு மண்ணிலேயே அடக்கமானவர். தாம் பணிசெய்த மக்களை அவர் நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களைப் பற்றி 1849-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூல், அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்து, பிள்ளைகள் அதைப் படித்துப் பார்த்த நாளிலிருந்து, பல தலைமுறைகளுக்கு ஆறாத வடுவாயிற்று. மிஷனரிகளோடு முரண்பட்டுப் பிரிந்த சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம் என்று யூத முறைகளையும் நம் நாட்டு வழக்கங்களையும் இணைத்துக்கொண்ட அந்தச் சபை, வெள்ளைக்காரக் குருமாருக்குச் சொல்லப்பட்ட ஒரு நீண்ட பதில். மற்றவனுக்கு நன்மை செய்கிறோம் என்ற நிச்சயம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவனைப் பற்றி எழுதும்போது பேனா அவ்வளவுக்கவ்வளவு அலட்சியமாகிவிடுகிறது. நான் தோணியைப் பற்றிச் சொன்ன வாசகத்தையும் இதே வரிசையில்தான் வைக்கவேண்டும். நானும் கோயிலின் நன்மைக்காகத்தானே பேசினேன்!

இனி மூன்று வாரம் கழித்து நடந்தது.

டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிறன்று பெய்யத் தொடங்கிய மழையைத் தூத்துக்குடியார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. திங்கட்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், வீட்டுக்குள் முழங்காலளவு. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. தரைத்தொட்டிக்குள் சாக்கடை கலந்துவிட்டது. வயதான என் தாயாரைக் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்காரவைத்திருந்தோம். புதன்கிழமை காலையில் கடைசிக் குடிநீர்க் கேனைக் கவிழ்த்து, வந்த அரைச் செம்புத் தண்ணீரை அவர்களுக்குக் கொடுத்தோம்.

கடற்புரத்து இளைஞர்கள் தங்கள் பைபர் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டுவந்து தெருக்களில் இறக்கியிருந்தார்கள். பத்து மணியளவில் அப்படியொரு வள்ளம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவன் தண்டல் ஐயாவின் பேரன். இருபது லிட்டர் கேன்கள் இரண்டு, ஒரு பை நிறைய பன், மெழுகுவர்த்திக் கட்டு ஒன்று, எல்லாவற்றையும் திண்ணையில் இறக்கினான்.

"தாத்தா குடுத்துவிட்டாவ, மாமா."

"தாத்தா எங்கேடா?"

"அந்தா, தெருமுக்குல நிக்காவ. இங்க வரலன்னுட்டாவ. வந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்குமாம்."

எட்டிப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது மனிதர், நெஞ்சுவரை தண்ணீரில், இன்னொரு வள்ளத்தின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, எதிர்வீட்டு மாடியிலிருந்து இறங்கத் தயங்குகிற ஓர் அம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அப்போது நன்றி தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. என்னைவிட நல்லவராக இருந்துகாட்ட இந்த வெள்ளம்தானா அவருக்குக் கிடைத்தது என்று ஒரு விநாடி நினைத்தேன். ஆனால் காட்டுவதற்கென்று வந்தவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கமாட்டாரே! தாயார் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்கள். "யார் கொண்டாந்தது?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அவர்தானே நீ கூட்டத்துல ஏசினவர்?" என்றார்கள். ஊரில் எந்தச் செய்திதான் தாயார் காதுக்கு எட்டாமல் இருக்கிறது.

வெள்ளம் வடிந்து, சேறு கழுவி, நனைந்த புத்தகங்களை மொட்டைமாடியில் விரித்துக் காயவைக்கையில், சவேரியார் கடிதங்களின் தொகுப்பு கையில் அகப்பட்டது. ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அந்த செப்டம்பர் மாதக் கடிதம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதை நான் படித்து, அரசியல் நிகழ்ச்சிகளுக்கு நேரே பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். தண்ணீர் என்ற சொல்லுக்கு நேரே கோடு இல்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் தண்டல் ஐயா வீட்டுக்குப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வெள்ளத்தில் நனைந்த ஒரு பழைய திசைகாட்டியின் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எது? குருசடி விஷயமா?"

"இல்லை. தோணி விடுகிறவர்னு சொன்னது."

"அப்பச் சரி" என்றார். "குருசடி விஷயத்துலயே விட்டுக்கொடுத்துட்டீகளோன்னு நினைச்சேன். அதெல்லாம் அப்புறம் கூட்டத்துல பேசிக்கிடுவோம். உக்காருங்க, காப்பி குடிங்க."

காப்பி வந்தது. குருசடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கச்சான் காற்றில் தெற்கே தோணி விடுவதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளத்தில் குருசடியின் கிழக்குச் சுவர் இன்னும் ஒரு சாண் இறங்கிவிட்டது. இது என் கட்சிக்கு வலுச்சேர்க்கும் சங்கதி என்பதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். ஒரு சாண்தானே இறங்கியிருக்கிறது, புதுக் கட்டடங்கள் எத்தனை இறங்கின என்று எண்ணிப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள், இம்முறை என்னைப் பார்த்து. இன்றுவரை குருசடி இடிக்கப்படவுமில்லை, பழுதுபார்க்கப்படவுமில்லை. இரு தரப்பு வாதங்களும் நோட்டில் இருக்கின்றன. ஆகஸ்ட் 5-ஆம் தேதி பெரிய கோயில் திருவிழா முடிந்த பின்புதான் மறுபடியும் இதை எடுத்துக்கொள்வதென்று பங்குச் சாமியார் தள்ளிவைத்திருக்கிறார்.